நான் அடித்துவிட்ட சீ வியூ ரூம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தசரா லீவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்போது நடந்தது இது. பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் நான் வேலை பார்க்கிறேன். மூன்று மேஜை, சத்தம் போடுகிற ஒரு ஏசி, சுவரில் மாலத்தீவு போஸ்டர். அவ்வளவுதான் ஆபீஸ். கோவா, கோகர்ணா, அந்தமான் என்று கடற்கரை ஊர்களுக்கு டூர் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு.

ஒரே ஊருக்கு மூன்று விதமாகச் செலவு போட்டு வைத்திருப்போம். எகானமி என்றால் ஹோம்ஸ்டே, அரசாங்கக் கப்பல், வாடகை ஸ்கூட்டர். டீலக்ஸ் என்றால் ஏசி ஹோட்டல், கார். பிரீமியம் என்றால் கடலைப் பார்த்த ரிசார்ட், தனியார் கப்பல், ஏர்போர்ட் வாசலில் உங்கள் பெயர் எழுதின அட்டையோடு ஓர் ஆள். உள்ளே வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள், அவருக்கு இந்த மூன்றில் எது என்று நான் முடிவு பண்ணிவிடுவேன். செருப்பு, கையில் இருக்கிற போன், காரை எங்கே நிறுத்துவது என்று கேட்கிறாரா, பஸ் லேட் என்று சொல்கிறாரா... இவ்வளவு போதும் எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கு மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டின வயசு. கணவருக்குக் கண் தெரியாது. ஒரு கையில் மடக்குகிற வெள்ளைக் குச்சி, இன்னொரு கை அந்தம்மாவின் முழங்கையில். அல்சூரில் வீடு. அவருக்கு ஒரு பேங்கில், போனில் வருகிற கஸ்டமர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அந்தம்மா கார்மென்ட்ஸில் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டே, தைத்து வருகிற சட்டையில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் திருப்பதியைத் தவிர வேறெங்கும் போனதில்லையாம். அவருடைய போனஸ், அந்தம்மாவின் சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து எழுபத்தைந்தாயிரம் வைத்திருந்தார்கள். அந்தமானுக்குப் போகவேண்டும் என்றார்கள்.

அந்தம்மா எங்கள் பிரீமியம் தாளைக் கையில் எடுத்து, அதில் இருந்த சீ வியூ ரூம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டிப் பார்த்தேன். விமான டிக்கெட்டையும் சேர்த்தால் அவர்கள் பணத்துக்கு அது தாங்காது. உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து அந்தத் தாளில் ஒவ்வொன்றாக அடித்தேன். சீ வியூ ரூம். அடியில் கண்ணாடி வைத்த படகு. சூரியன் மறைவதைக் காட்டுகிற படகுச் சவாரி.

"சாருக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்? வேஸ்ட்தானே. இதை எடுத்துட்டா எவ்வளவு மிச்சம் பாருங்க" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

அந்தம்மா தாளையே பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "நானும்தானே மேடம் போறேன்?" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கணவர்தான் முதலில் சிரித்தார். "கடல் எப்படி இருக்குன்னு இவதான் எனக்குச் சொல்லணும். அவளே பாக்கலைன்னா எனக்கு என்னத்தச் சொல்லுவா? சொல்றதுல பாதி புளுகு, அது வேற விஷயம்" என்றார். அந்தம்மா அவர் தோளில் ஒன்று வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், எல்லாரும் சொல்றதுதான்" என்றார் அவர். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. வழக்கமாக நான் யாரையும் கேட்காத ஒன்றை, வேறு வழியில்லாமல் கேட்டேன். அங்கே போய் நீங்கள் என்ன பண்ண வேண்டும் என்று நினைக்கிறீர்கள், சார்?

அவர் குச்சியை மடக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார். "ஓடணும்" என்றார்.

ஒன்பது வயசில் காய்ச்சல் வந்து பார்வை போனதாம். அதுவரைக்கும் ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்தில் அவர்தான் முதலில் வருவாராம். அதற்கப்புறம் ஒரு தடவைகூட ஓடினதில்லை. நம்ம ஊர் ஃபுட்பாத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ந்த ஸ்லாப், மெட்ரோவுக்குத் தோண்டின பள்ளம், மேலே ஏறி வருகிற பைக். நடக்கிறதே பெரிய காரியம். அவருடைய ஆபீஸில் ஒருத்தர் அந்தமான் போய்வந்து, அங்கே பீச் கிரவுண்டு மாதிரி தட்டையாக இருக்கும், ரொம்ப தூரத்துக்குக் காலில் எதுவும் தடுக்காது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்கு அதே நினைப்பு.

அந்தம்மா திரும்பி அவரைப் பார்த்தார். "என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?"

"நீ கேட்டியா?" என்றார் அவர்.

அந்தம்மாவிடமும் அதையே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும், யாராவது டீ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள் போதும்.

அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம் மூன்று பேருமாக உட்கார்ந்து புதுசாகக் கணக்குப் போட்டோம். மூன்று ராத்திரி ஹோம்ஸ்டே, கடைசி ஒரு ராத்திரி மட்டும் ரிசார்ட்டில் சீ வியூ ரூம். கப்பல் எது என்று வந்தபோது எங்கள் பிரீமியம் லிஸ்ட் எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. தனியார் கப்பல் கண்ணாடி மூடின ஏசி பெட்டி. விலை குறைந்த அரசாங்கக் கப்பலில்தான் மேல்தட்டில் நின்று காற்று வாங்கலாம். அவர் உடனே அதையே போடச் சொன்னார். கண்ணாடிப் படகு தனக்கு வேண்டாம் என்று அந்தம்மாவே சொன்னார். அதை அந்தம்மா சொன்னார், நான் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

எங்கள் ஓனருக்கு இது பிடிக்கவில்லை. இப்படிக் கலந்து போட்டால் கமிஷன் எங்கிருந்து வரும் என்று கேட்டார். இந்த ஒரு தடவை விடுங்கள் சார் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

ஆனால் ஓடுவதற்கு இடம்? அது எந்த பேக்கேஜிலும் இல்லை. ஹேவ்லாக் தீவில் இருக்கிற ஹோட்டல்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன். உங்கள் பீச்சில் கல் இருக்குமா, பவளப்பாறை இருக்குமா, எவ்வளவு தூரம் நேராக ஓடலாம் என்று ஹிந்தியில் கேட்டால், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். சிலர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு பெண்மணி மட்டும் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் பெரிய பீச், கூட்டமெல்லாம் சாயங்காலம்தான் வரும், காலையில் கடல் உள்வாங்கியிருக்கிறபோது போனால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், ஆனால் மழை பெய்தால் மரக்கட்டைகள் ஒதுங்கும், அதை நானே முன்னாடி போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

அவர்கள் கிளம்பின நாளிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. போனில் வானிலையைப் பார்த்தால் அங்கே மழை. அடுத்த நாளும் மழை. நானே கூப்பிட்டு விசாரிக்கவும் சங்கடமாக இருந்தது. ஏதாவது ஆகியிருந்தால்? விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தால்?

திரும்பி வந்த மறுநாளே இரண்டு பேரும் ஆபீஸுக்கு வந்தார்கள். அவர் முட்டியில் பெரிய சிராய்ப்பு, அதன்மேல் பிளாஸ்டர். ஐயோ என்று எழுந்துவிட்டேன். "இது வெற்றிச் சின்னம் மேடம்" என்றார் அவர்.

முதல் இரண்டு நாளும் மழையால் வெளியே போக முடியவில்லையாம். மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. சொன்ன மாதிரியே அந்த ஹோம்ஸ்டேக்காரம்மா முன்னால் போய், ஒதுங்கிக் கிடந்த ஒரு மரத்தைத் தன் வீட்டுக்காரரோடு சேர்ந்து இழுத்து ஓரமாகப் போட்டிருக்கிறார். அந்தம்மா தூரத்தில் போய் நின்று கையைத் தட்ட, இவர் அந்தச் சத்தத்தைப் பார்த்துப் போக வேண்டும். முதல் தடவை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடைதான். அடுத்தது வேக நடை, ஒரு தடவை விழுந்தார். பிறகு கொஞ்சம் ஓட்டம், மறுபடியும் விழுந்தார்.

"நாலாவது தடவை கைய கீழ போட்டுட்டார் மேடம்" என்றார் அந்தம்மா. "நான் தட்டிக்கிட்டே நிக்கிறேன், என்னையும் தாண்டிப் போயிட்டார். பின்னாடியே ஓடறேன், பிடிக்கவே முடியல."

"அலைச் சத்தம் இடது காதுல இருக்கிற வரைக்கும் நேராப் போறேன்னு அர்த்தம். அப்புறம் எதுக்குக் கைதட்டு?" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அந்த சீ வியூ ரூம் எப்படி இருந்தது என்று அந்தம்மாவைக் கேட்டேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. மதியம் ரெண்டு மணிக்கு, படுத்துக்கொண்டு கடலைப் பார்க்கலாம் என்று கட்டிலில் சாய்ந்தவர், மறுநாள் காலை ஆறரைக்குத்தான் எழுந்தாராம். கணவர் போன் பண்ணி இரண்டு தடவை டீ வரவழைத்திருக்கிறார். இரண்டும் ஆறிப் போயிருக்கிறது. எழுப்ப மனசில்லாமல் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பதினோராயிரம் குடுத்துத் தூங்கிட்டு வந்திருக்கேன் மேடம்" என்று சிரித்த அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர். "ஆனா எழுந்ததும் எல்லாத்தையும் இவர்தான் சொன்னார். எத்தனை மணிக்கு அலை கிட்ட வந்துச்சு, பக்கத்து ரூம்காரங்க போட்டோவுக்கு எப்படிச் சண்டை போட்டாங்க, எப்ப காத்து மாறுச்சு. நான் பாக்க வேண்டியத எல்லாம் எனக்காகக் கேட்டு வெச்சிருந்தார்."

அன்று சாயங்காலம் ஒக்கலிபுரத்தில் இருக்கிற என் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஊருக்கெல்லாம் கடற்கரை டூர் போடுகிற நான், என் வீட்டுக்காரரோடு ஒரு கடற்கரைக்கும் போனதில்லை. கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லுவார். கஞ்சத்தனம் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டி, அந்தக் கோபத்தையும் பல வருஷமாக வைத்திருந்தேன். அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, கடலுக்குப் போனால் நீங்கள் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார், சின்ன வயசில் கோலாரில் ஒரு குட்டையில் மூழ்கிப் போகப் பார்த்ததையும், தண்ணீர் என்றாலே இன்னும் பயம் என்பதையும். "உன்கிட்ட சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

அடுத்த வருஷம் நாங்கள் கோகர்ணா போனோம். மலைப் பக்கம் ஒரு ரூம், தூரத்தில் ஒரு கோடாக மட்டும் கடல். கடைசி நாள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கணுக்கால் நனைகிற அளவுக்கு நின்றார்.

வருகிறவரின் செருப்பைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கிற ஒருத்தர் மனசில் என்ன ஆசை, என்ன பயம் இருக்கிறது என்பதை நான் பார்த்தே தெரிந்துகொள்வேன் என்ற நினைப்பு மட்டும், அந்தம்மா மெதுவாகக் கேட்ட "நானும்தானே மேடம் போறேன்?" என்ற அந்த ஒரு கேள்வியோடு என்னைவிட்டுப் போய்விட்டது.