சைபர் டோக்கன்

களக்காட்டுப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் அவரைப் பார்த்தேன். கறிச்சோற்றுப் பந்திக்கு டோக்கன் அடிப்பவர். மடியில் லேப்டாப், பக்கத்தில் சின்ன பிரிண்டர். ஒவ்வொரு பட்டனைத் தட்டும் முன்பும் விரலை ஊதிக்கொள்வார். நம்பர்களைத் தானே எண்ணி அடிக்கும்படி ‘லூப்’ எழுதியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார்.

முதல் டோக்கனில் ஒன்றுக்குப் பதில் சைபர் விழுந்தது. வரிசையில் முன்னால் நின்ற அண்ணாச்சி அதை வீசி எறிந்தார்.

“கொடைக்கு அதிக வரி கொடுத்தவன் நான். என்னையச் சைபருங்கீரா வே?”

“கம்ப்யூட்டர் அங்கன இருந்துதான் எண்ணும் அண்ணாச்சி. சைபருதான் முத ஆளு.”

அண்ணாச்சி ஒன்றாம் நம்பரை வாங்கிக்கொண்டார். முந்தின நாளிலிருந்து சாப்பிடாத வெளியூர்க்காரன் நான், சைபரைப் பொறுக்கிக்கொண்டேன். பந்தியில் பரிமாறுகிறவன் என்னை மறித்தான்.

“சைபருக்கெல்லாம் இலை கிடையாது.”

டோக்கன்காரர் எழுந்தே வந்துவிட்டார். “லே, மெஷினு சொன்னா சொன்னதுதான். முத இலை அவருக்குப் போடு!”

போட்டான். நல்ல துண்டுகள்.

நான் கை கழுவி வந்தபோது அவர் பிரிண்டரை உலுக்கிக்கொண்டிருந்தார். நூறு இலைக்கு நூறு டோக்கன் அடிக்கச் சொல்லி, நூறாம் நம்பரைத் தனக்கென்று வைத்திருந்தாராம். பிரிண்டரோ வரிசையின் கடைசி ஆளுக்குத் தொண்ணூற்றொன்பதை அடித்துக் கொடுத்ததோடு நின்றுவிட்டது.

“நூறு எங்கன போச்சு வே?” என்று என்னைக் கேட்டார்.

அவர் பங்குச் சோறு போன இடம் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன்; ஏப்பம்தான் வந்தது.