பேரில்லாத வேதம்

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவள் சிலேட்டைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "அப்பா, நாம என்ன வேதம்?"

வகுப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். இவள் முழித்திருக்கிறாள். நானும் முழித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வராதது எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். இதில் அதிகமும் அவளைப் பற்றியதுதான்.

அப்போது நம் பக்கமெல்லாம் ராஜா ஆண்ட சமஸ்தானமாகத் தனியாக இருந்தது. நம் ஊர் கீரனூருக்கு மேற்கே, ஆவூர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போய் மறுநாள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் பாதிக்கு மேல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்களுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் சத்திய வேதக்காரர். மற்றவர்கள் அதில் சத்தியத்தை விட்டுவிட்டு வேதக்காரங்க என்பார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் அஞ்ஞானிகள். கோயிலை விட்டு வேறு சபைக்குப் போனவன் பதிதன். சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டாலே அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். பதிதனுக்கு முதுகில் ஏதாவது முளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே பதிதன் ஆனேன். அதற்குக் காரணம் ஒரு மதில்.

ஊருக்குத் தெற்கே இருக்கிற கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் செம்பராங்கல் மதில் போகிறதே, அதைத்தான் சொல்கிறேன். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் அதற்கு உள்ளே. வாங்காமல் போன பச்சைப் பிள்ளைகள் வெளியே, ஆவாரஞ்செடிகளுக்கு நடுவில். எங்களுடைய முதல் பிள்ளை ஆண். வயிற்றிலிருந்து வெளியே வரும்போதே உயிர் இல்லை. உபதேசியாரிடம் ஓடினேன். மாதா கோயில் சாமியார் ஊரில் இல்லாத நாட்களில் செபம் சொல்லி அடக்கம் செய்து வைப்பவர் அவர். நல்ல மனிதர். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"உசுரோட இருக்கையில தண்ணி படலையே தம்பி. எங் கையில என்ன இருக்கு? வெளிய வச்சுக்கங்க."

வைத்தேன். குழியும் நான்தான் வெட்டினேன். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் உண்டு, அங்கே வேதனை கிடையாது, ஆனால் சர்வேசுரனைப் பார்க்கவும் முடியாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தோம். படித்த காலத்தில் அது எனக்கு வெறும் பாடம். உங்கள் அம்மா அன்று என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க வெளக்கு இருக்குமாங்க?"

அதன் பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் திருச்சிக்குப் போய் ஒரு தோல் கிடங்கில் மூட்டை தூக்கினேன். கிடங்குக்கு எதிரே ஒரு தையற்காரர் மிஷின் போட்டிருந்தார். நம் ஊர்ப் பக்கத்து ஆள், எந்தக் கோயிலையும் சேராதவர். வேலை இல்லாத நேரம் வேதப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"பிள்ளைகளுக்கு மதிலே கெடையாதுங்க. மதில் வச்சது மனுசன்."

கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் கோயிலை விட்டது அன்றுதான். வேறு பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்து நான் மாறவில்லை.

தையற்காரர் மறு வருஷம் நம் ஊருக்கே வந்து குடியேறினார். அவர் வீடு, எங்கள் வீடு, கடலை வியாபாரி ஒருவரின் வீடு, ஆக மூன்று வீடுகள். ஞாயிற்றுக்கிழமை தையற்காரர் வீட்டில் கூடி ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்போம், செபிப்போம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த பிறகு தானாக வந்து கண்மாயில் இறங்கி முழுக்கு எடுத்தால்தான். எங்கள் சபைக்குப் பெயரும் கிடையாது. பெயர் வைத்தால் மறுபடி மதில் வந்துவிடும் என்பார் தையற்காரர்.

ஊருக்கு அது பொறுக்கவில்லை.

"என்னதான் பேரு, சொல்லுங்களேன்?" என்று பஸ் நிற்கிற இடத்தில் வண்டிக்காரர் ஒருவர் மடக்கினார்.

"பேரு இல்லைங்க. விசுவாசிக்கிறோம், அம்புட்டுத்தான்."

"அப்ப ஒங்க சாமிக்கு ஒரு கார்டு போடணும்னா எந்த விலாசத்துக்குப் போடுறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மாசமே எங்களுக்குப் பேரில்லாத வேதம் என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் போகப்போகச் சிரிப்பு நின்றது. கல்யாண வீட்டில் கூப்பிடவில்லை. கிணற்றடிக்கு உங்கள் அம்மா போனால் பேச்சு நின்றுவிடும். நாளைக்கு நான் செத்தால் பாடை தூக்க நாலு பேர் வருவார்களா என்று நினைப்பேன். மூன்று வீட்டில் ஆண்கள் மூன்று பேர்தான். அதில் செத்தவன் நான்.

இப்படி இருக்கும்போது உங்கள் அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் கேட்டாள்.

"இதுவும் போயிருச்சுன்னா எங்கிட்டு வைப்பீங்க?"

"அப்புடியெல்லாம் பேசாத. பிள்ளைகளுக்கு மதிலே..."

"மதிலைக் கேக்கலைங்க. எங்கிட்டு வைப்பீங்கன்னு கேட்டேன்."

அவள் எனக்காகத்தான் தையற்காரர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுடைய செபமாலை அரிசிப் பானைக்குள் கிடப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

நம் ஊர் மருத்துவச்சி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். என்னையும் இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவள் அவள்தான். பிறந்த பிள்ளை தேறாது என்று தெரிந்தால், சாமியார் வரும்வரை காத்திருக்காமல், கிட்டத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றி வார்த்தையைச் சொல்லிவிடலாம். அஞ்ஞானி சொன்னாலும் செல்லும். அது கோயில் வழக்கம். பழைய சாமியார் ஒருவர் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார். நான் முன்கூட்டியே போய், "ஆத்தா, எங்க பிள்ளைக்கு அந்தத் தண்ணி வேண்டாம்" என்றேன்.

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்க சாமிக்குத்தான் பேரு இல்ல. பிள்ளைக்காச்சும் ஒரு பேரு வைப்பீங்களா, அதுவும் கெடையாதா?"

பங்குனி வெயில். காலையிலேயே வலி கண்டது. கால் முன்னால் வருகிறது என்று மருத்துவச்சி உள்ளிருந்து சொன்னாள். கீரனூருக்குக் கொண்டுபோக நேரமில்லை என்றும் சொன்னாள். நான் வாசலில், தண்ணீர்ப் பானையடியில் உட்கார்ந்திருந்தேன். செபம் செய்ய முயன்றேன். சொல் நிற்கவில்லை. எதிரே மதில் இருக்கிற தெற்குப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவின் சத்தம் பெரிதாகி, பெரிதாகி, சட்டென்று நின்றது. பிள்ளைச் சத்தம் கேட்க வேண்டிய நேரம். கேட்கவில்லை. முதல் பிள்ளைக்கும் இதே மாதிரித்தான் இருந்தது. பானையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

மருத்துவச்சி பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்தபடி நிலைப்படிக்கு வந்தாள். பிள்ளை நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவள் முதுகில் தட்டுகிறாள், தேய்க்கிறாள், மறுபடி தட்டுகிறாள்.

"உசுரு இருக்கு தம்பி, மூச்சு வாங்கலை. தண்ணி ஊத்தணுமா, வேண்டாமா? வெரசாச் சொல்லுங்க. எங் கை ரெண்டும் பிள்ளை மேல இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். தையற்காரர் சொன்னதெல்லாம் தெரியும். அது எனக்கு மெய்யாகவே பட்டது. உள்ளே இருந்து உங்கள் அம்மாவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல:

"வெளிய வச்சிராதீங்க."

சொம்பை எடுத்தேன். பானையில் முக்கினேன். ஊற்றினேன். இரண்டு வருஷமாகத் தேவன், பரிசுத்த ஆவி என்றெல்லாம் புதிதாகச் சொல்லிப் பழகியிருந்தேன். அதில் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே" என்று நான் சிறுவனாக இருந்தபோது என் அம்மா சொல்லிக்கொடுத்த பழைய வார்த்தைதான் வந்தது. அவசரத்தில் பாதித் தண்ணீர் பிள்ளை மேல் குனிந்திருந்த மருத்துவச்சி தலையில் விழுந்தது.

பூனைக்குட்டி தும்முகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. மூன்றாவதாக வந்தது அழுகை. பெரியவளே, அது நீதான்.

"நல்லா இருக்கு! என்னையும் சேத்துல்ல வேதத்துல ஏத்திட்டீங்க" என்று மருத்துவச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பச்சைத் தண்ணீர் பட்டால் பிள்ளை வீறிடும், இது எத்தனையோ முறை பார்த்ததுதான் என்றாள். உங்கள் அம்மா அப்படிச் சொல்லமாட்டாள். நான் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

இரண்டு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத என் மாமியார், சேதி கேட்டு முட்டையும் கருப்பட்டியுமாக வந்து இறங்கினார். "நீங்க எதுவா வேணா இருந்துக்கங்க மாப்பிள்ளை. பிள்ளை சத்திய வேதம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பயம். அந்த இரண்டு வீட்டாரும் கைவிட்டால் ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைப் பிடுவதற்கு முன்னால் எழுந்து நடந்ததைச் சொன்னேன். கடலை வியாபாரி என் பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பப் பேரு வந்துருச்சு ஒங்களுக்கு" என்றார்.

தையற்காரர் வேதப் புத்தகத்தை மூடினார். "பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"பயந்துட்டேங்க."

"அது வெறும் தண்ணி. ஒண்ணும் ஆகலை. உக்காருங்க" என்று ரொட்டித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

தள்ளிவைக்காமல் விட்டாரே என்று எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெறும் தண்ணீர்தான் என்றால், அன்று நீ போயிருந்தால் உன்னை எங்கே வைத்திருப்பேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தையற்காரர் சொன்னதை உங்கள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் இப்போதுதான் தெரிந்துகொள்வாள்.

கடலை வியாபாரி அதன் பிறகு எங்களோடு கூடவில்லை. தையற்காரரும் நாங்களும் இன்னும் கூடுகிறோம். சாவு வந்தால் தூக்க இன்னும் ஆள் குறைந்துவிட்டது. கல்லறைத் திருநாள் அன்று ஊரே மதிலுக்குள் மெழுகுவத்தி ஏற்றுகிறபோது, நாம் மட்டும் வெளியே ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் ஏற்றுவது உங்கள் அண்ணனுக்காகத்தான். அதையும் ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை.

சின்னவளே, உன் கேள்விக்கு வருகிறேன். உன் அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். உன் சின்ன அண்ணனுக்கும் உனக்கும் ஊற்றவில்லை. நீங்கள் இருவரும் பிறந்தவுடனே ஊர் கேட்க அழுதீர்கள். ஆனால் இரண்டு தடவையும் நான் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நீ பிறந்த அன்று கதவு சாத்துவதற்கு முன்னால் உங்கள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சொம்பு பக்கத்துல இருக்கா?"

"இருக்கு" என்றேன். நிறையத் தண்ணீர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ அழுது, மருத்துவச்சி வெளியே வந்து சிரித்த பிறகும் வெகுநேரம் அதைக் கீழே வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெயில் சாய்ந்த பிறகு முருங்கை வேரில் ஊற்றினேன்.