என் முதுகைக் கழுவிய கை

அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, விழுந்து கிடந்த ஒருவனை மாகாளி எப்படித் தூக்கி நிறுத்தினாள் என்று சொல்ல வந்திருக்கிறேன். கேளுங்கள்.

கொரோனா ஊரடங்கு முடிந்த அடுத்த ஐப்பசி. வாளையார் பக்கம் ஒரு குடோனுக்குக் கான்கிரீட் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். பாதி ஊற்றியிருப்போம். கீழே முட்டுக் கொடுத்திருந்த கம்பங்கள் விலகி, கூரை அப்படியே உட்கார்ந்தது. ஈரக் கான்கிரீட்டோடு நானும் கீழே போனேன். அதுதான் கடைசி நினைவு.

நான் யார் என்று இந்தக் கிழக்குப் பாலக்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மண் சுமந்து, கொத்துக் கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, தென்னந்தோப்பு வாங்கினவன். அப்பன் சொத்து என்று ஒரு செங்கல்கூட எனக்கு வரவில்லை. எங்கள் ஊரில் பாதி வீடு நான் கட்டினது. யார் முன்னாலும் கை நீட்டினதில்லை. அம்மனிடமும் எதுவும் கேட்டதில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. இடது தொடை எலும்பு நொறுங்கியிருந்தது. அந்தக் குடோன் வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் காதோரம் குனிந்தார். "மேஸ்திரி, பாத்ரூம்ல வழுக்கி உழுந்ததாச் சொல்லி வெச்சிருக்கறனுங்க. இல்லீன்னா போலீசு, கேசுன்னு உங்களைத்தான் அலைக்கழிப்பாங்க. செலவு பூராவும் என்ர பொறுப்பு." மருந்து மயக்கத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை.

எலும்பு கோணலாகக் கூடியது. இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் இனி நடக்க முடியாது என்றார் டாக்டர். தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இலவசமாக வழக்குப் பார்க்கும் வக்கீலம்மா ஒருவரிடம் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மலையாளத்துப் பெண். நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். காண்ட்ராக்டரோ, நான் அன்று வேலைக்கே வரவில்லை என்று சாதித்தார். என்னோடு வேலை செய்தவர்கள் வடக்கத்திப் பையன்கள். அவர்களை மறுநாளே ரயிலேற்றி அனுப்பியிருந்தார்.

"சாட்சி வேணம் ஐயா. ஒராளெங்கிலும் வேணம். இல்லாதெ ஞான் எந்து செய்யும்?" என்றார் வக்கீலம்மா. ஒரே ஒரு ஆளாவது பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமாம்.

அன்று அழுதேன். என் மனைவி பாப்பாத்தி பார்த்துவிட்டாள். "இத்தனை வருசமா எல்லாம் நாந்தான் நாந்தான்னீங்க. இப்பவாச்சும் அவகிட்டக் கேளுங்க. வாய் தேஞ்சா போயிரும்?"

கேட்டேன். "தாயே, நான் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லையாம். நீ பார்த்தாய். எனக்கு ஒரு ஆளைக் காட்டு." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. மந்திரமெல்லாம் எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை பாப்பாத்தி கோயிலில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "ஏனுங்கக்கா, நீங்க அந்த மேஸ்திரி ஊட்டம்மாதானுங்களே? அவருக்கு முதுகு ஆறிருச்சுங்களா?"

அவள் பெயர் ருக்மணி. நான் கிடந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கழுவித் துடைக்கிற வேலை. "அவரு முதுகுல ஒட்டியிருந்த சிமெண்ட நாந்தானுங்க கழுவுனேன். சட்டைய வெட்டித்தான் எடுத்தோம். என்ர விரலும் வெந்து தோல் உரிஞ்சிருச்சு. பாத்ரூம்ல உழுந்தாருன்னாங்க. பாத்ரூமுக்குள்ளயா கான்கிரீட்டு போட்டாங்கன்னு அன்னைக்கே சிரிச்சேன்."

என் முதுகில் இருந்தது படுக்கைப் புண் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அது சிமெண்ட் தின்ற புண்! சாட்சியை முதுகில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சாட்சி தேடியிருக்கிறேன்.

இதையும் கேளுங்கள். ருக்மணி எங்கள் ஊர்க்காரி அல்ல. அன்று ஆனைகட்டிக்கு, தாய்வீட்டுக்குக் கிளம்பினவள். வாளையாரில் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நகரவே இல்லை. சலித்துப்போய் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, எங்கள் ஊரில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அக்காள் கோயிலுக்கு இழுத்து வந்திருக்கிறாள். அத்தனை லாரியையும் குறுக்கே நிறுத்தினது யார்?

வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஆனாலும் கோர்ட்டுக்கு வந்தாள். எத்தனையோ பேரைக் கழுவுகிறவளுக்கு இவரை மட்டும் எப்படி ஞாபகம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "கழுவுனது பல பேரைங்க. கழுவி என்ர கை வெந்தது இவரு ஒருத்தரால தானுங்க" என்றாள். டாக்டரும் வந்து, என் முதுகுத் தழும்பு சிமெண்டால் ஆனதுதான் என்று சொன்னார்.

தீர்ப்பு என் பக்கம் வந்தது. நஷ்டஈட்டில் ஆபரேஷன் நடந்தது. முதல் முறை என் காலால் நடந்து கோயிலைச் சுற்றி வந்தபோது பாப்பாத்தி பின்னாலேயே வந்தாள். அழுதுகொண்டே வந்தாள்.

வீடு, தோப்பு, பேர் எல்லாம் நான் சம்பாதித்தது. அதை எவரும் மறுக்க முடியாது. இந்தக் கால் மட்டும் அம்மன் கொடுத்தது. இப்போதெல்லாம் அவளைக் கும்பிடாமல் வேலைக்குக் கிளம்புவதில்லை. முட்டுகளைத் தட்டிப் பார்க்காமல் ஒருவரையும் மேலே ஏற்றுவதில்லை.

வேலையில் அடிபட்டுக் கிடக்கும் சொந்தங்களே, நீங்கள் எப்படி விழுந்தீர்கள் என்பதை வேறொருவர் சொல்ல விடாதீர்கள். வக்கீலிடம் போங்கள். அதற்கு முன்னால் அம்மனிடம் போய், வாய் திறந்து கேளுங்கள். எந்த வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்கு வந்தாலும் என்னைப் பார்க்கலாம். முன்வரிசையில், யாரையும் பிடித்துக்கொள்ளாமல், நின்றுகொண்டிருப்பேன்.