சோடியமும் நான் முன்கூட்டியே போட்ட டிக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மதியம், டெல்லியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டு எழுதிப் பழகியவள் நான். இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

1. முதலாண்டு மாணவர்களுக்கு, மிளகளவு சோடியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்டினோம். சீறிக்கொண்டு ஓடியது.

2. வெட்டியதில் மிஞ்சிய துணுக்குகள் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் கிடந்தன. அவற்றை ஆல்கஹாலில் மெல்லக் கரைத்து அழித்த பிறகே கிண்ணத்தைக் கழுவலாம்.

3. மேஜை மேல் நான் தயாரித்த ஒன்பது வரிப் பட்டியல் இருந்தது. கடைசி வரி, 'துணுக்குகள் அழிக்கப்பட்டன'. அடுத்து அதைத்தானே செய்யப் போகிறோம் என்று அதற்கும் டிக் போட்டேன்.

4. துறைத் தலைவர் கூப்பிட்டார். போய்விட்டேன்.

5. சுத்தம் செய்யும் அக்கா வந்தார். விழுப்புரம் பக்கம், ஒப்பந்த வேலை. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கடைசிக் கட்டத்தில் டிக் இருந்தால் கழுவலாம் என்பது நானே சொல்லிக் கொடுத்த ஏற்பாடு. டிக் இருந்தது. கிண்ணத்தை ஈரத் தொட்டியில் கவிழ்த்தார்.

நான் கதவைத் திறந்த சத்தத்துக்கு அவர் திரும்பினார். அதனால்தான் கண் தப்பியது. படாரென்று வெடித்து, மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டது. அவர் ஸ்வெட்டரின் தோளில் ஓட்டை விழுந்தது. அக்காவின் கை தண்ணீர்க் குழாய்க்குப் போனது. "தண்ணி வேணாம்க்கா!" என்று கத்திக்கொண்டே மணல் வாளியைக் கவிழ்த்தேன்.

துறைத் தலைவர் ஓடி வந்தார். தாளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் இந்த அம்மாள்தான் அலமாரியில் இருந்த எதையோ எடுத்துக் கொட்டியிருக்க வேண்டும், நாளை ஒப்பந்தக்காரரிடம் சொல்லி ஆளை மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசிய இந்தி எங்கள் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மணலை அள்ளிக்கொண்டே அக்கா கேட்டார்.

"பாப்பா, எங்க வூட்டுக்காரருக்கு சோடியம் கம்மின்னு டாக்டர் சொன்னாரே, அது இதுவா?"

"அதேதான்க்கா."

"அடப்பாவி! இதையா உள்ள வச்சிக்கிட்டுச் சுத்துறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் இருந்த தனிம அட்டவணையைக் காட்டினேன். சோடியம் அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான் இருக்கிறது, அதை யாரிடமாவது தள்ளிவிடத்தான் அது பார்க்கும், தண்ணீர் பட்டால் போதும். உப்பிலும் உடம்பிலும் இருக்கும் சோடியம் அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது, அதனால் சாது என்றேன். இடப்பக்க முதல் செங்குத்து வரிசையில் கீழே போகப் போகச் சுற்றுகள் கூடும், வெளியே இருக்கும் அந்த ஒன்றின் மேல் அணுக்கருவுக்குப் பிடி குறையும் என்றும் சொன்னேன்.

"அப்ப கீழ போனா கோவம் ஜாஸ்தியா?"

"ஆமாம்க்கா."

"அச்சா! நாலு வருசமா இந்தப் படத்தைத் தொடைக்கிறேன், ஒருத்தரும் சொல்லலியே. இந்த வரிசை பாட்டிலெல்லாம் எதுன்னு காட்டு."

காட்டினேன். பிறகு மெதுவாகக் கேட்டார். "டிக்கு இருந்துச்சே பாப்பா... இல்ல, நான்தான் சரியா பாக்கலியா?"

என்னைச் சந்தேகிக்க வேண்டிய இடத்தில் அவர் தன் கண்ணைச் சந்தேகித்தார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனேன். செய்வதற்கு முன்பே டிக் போட்டது நான் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

செய்யாத வேலைக்கு டிக் போட இன்றும் சில நேரம் கை போகிறது. அப்போதெல்லாம் அந்த ஸ்வெட்டர் ஓட்டை கண்முன் வந்து நிற்கிறது.

என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. அக்கா அதே ஆய்வகத்தில் இருக்கிறார். அட்டவணையின் அந்த முதல் வரிசைப் பாட்டில்களில் அவர் ஒட்டிய சிவப்பு டேப் இருக்கிறது. ஒன்பதாவது வரிக்கு நான் டிக் போடுவதில்லை. கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு அக்காதான் போடுகிறார்.