அப்பாவும் என் ஹவுஸ் ஓனரும்

நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வாடகை என்று ஒன்று உண்டு என்பதே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் அது. முன்னால் இரண்டு மாமரம், பின்னால் ஒரு பலா, துணி காயப்போட ஒரு கல்யாணமே நடத்தும் அளவுக்கு இடம். நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்த்த அப்பாவின் சம்பளத்திலேயே வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த தொகை அவ்வளவு சின்னதாக இருந்ததால், அதை ஏதோ சங்கச் சந்தா என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

2014-இல் எனக்குச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பணிவாகப் பதில் எழுத வேண்டும். மடிப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனை நானும் கூட வேலை பார்த்த பெண்ணும் பிடித்தோம். அந்தச் சமையலறையில் ஒருத்தி தோசை சுட்டால் இன்னொருத்தி வெளியே நின்று சட்னியை நீட்ட வேண்டும். அதற்கே என் சம்பளத்தில் பாதி போனது. ஹவுஸ் ஓனர் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், கீழ் வீட்டில் குடியிருந்தார். காலையில் கால் மணி நேரம் மோட்டார் போடுவார். பைப்பில் வரும் சத்தத்தை வைத்தே மேலே குளிக்கிறோமா, துணி துவைக்கிறோமா என்று சொல்லிவிடுவார்.

ஒரு வருஷம் முடிந்ததும் வாடகையை இரண்டாயிரம் ஏற்றப்போவதாகச் சொன்னார். நான் அவர் வாசலில் நின்று கெஞ்சினேன். "எங்க அப்பா அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப்போறார் சார். நாங்க எங்கேர்ந்து குடுப்போம்? வாடகைக்கு வர்றவங்களும் மனுஷங்கதானே சார்?"

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

அந்த வாரம் அவரும் மனைவியும் காரில் கும்பகோணம் கோயில்களுக்குப் போவதாக இருந்தார்கள். போகிற வழியில்தான் நெய்வேலி. எனக்கு ஒரு யோசனை வந்தது. திரும்பும்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் எளிமையைப் பார்த்தால் மனம் இளகும். அவர்களை அழைத்துவிட்டு, சனிக்கிழமையே ஊருக்குப் போய் அப்பாவைத் தயார்செய்தேன்.

"கொஞ்சம் கஷ்டப்படற குடும்பம் மாதிரி பேசுங்கப்பா."

"நமக்கு என்னம்மா கஷ்டம்?"

"இல்லதான். இருக்கற மாதிரி பேசுங்க."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கார் புழுதியோடு வந்து நின்றது. அவர்கள் இறங்குவதற்குள் அப்பா தோட்டத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அரைமணி நேரம் காரைக் குளிப்பாட்டினார். தண்ணீர் ஓடி மாமரத்தடியில் குளமாகத் தேங்கியது. ஹவுஸ் ஓனர் நெஞ்சில் கைவைத்தபடி, "போதும் சார், போதும் சார்" என்றார்.

"இருக்கட்டும் சார். மைன்ஸ்ல ஊர்ற தண்ணிய ராப்பகலா எறைச்சிக்கிட்டேதான் இருக்காங்க. இங்க தண்ணிக்கா பஞ்சம்?"

உள்ளே ஆள் இல்லாத அறைகளிலும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஹவுஸ் ஓனர் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனார். அப்பா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். "ஓடட்டும் சார், வீடு குளிர்ச்சியா இருக்கும்."

"மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று ஹவுஸ் ஓனரின் மனைவி கேட்டது, மோட்டாரே இல்லாத வீட்டில் இருந்த அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஹவுஸ் ஓனரை அவர் காரிலேயே ஏற்றி அகலமான ரோடு, பார்க், ஸ்டேடியம், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் காட்டினார். மைன்ஸைத் தள்ளி நின்று காட்டியபோது, தானே தனியாகத் தோண்டிய பள்ளம் போலக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். புறப்படும்போது டிக்கியில் ஒரு முழுப் பலாப்பழத்தையும் ஒரு மூட்டை மாங்காயையும் ஏற்றினார். கார் பின்பக்கம் தாழ்ந்துதான் கிளம்பியது.

திங்கட்கிழமை ஹவுஸ் ஓனர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அப்பா ராஜா மாதிரி இருக்கார்மா. ரெண்டாயிரமெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமா?"

அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன். "நல்லாத்தானேம்மா பேசினேன்" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. நானும் தோழியும் சாயங்கால டீயை நிறுத்தினோம், ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தோம். வாடகை ஏறியது.

அடுத்த வருஷம் அப்பா ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக வாடகைக்கு வீடு கேட்டு வடலூருக்குப் போனார். அங்கே வீட்டுக்காரர் கேட்டைத் திறக்காமலே கேள்வி கேட்டிருக்கிறார்.

"எத்தினி பேருங்க?"

"நானும் வீட்டம்மாவும்தான். பொண்ணு எப்பவாவது வரும்."

"சொந்தக்காரங்க வந்துகினு போய்கினு இருந்தா சரிப்படாதுங்க. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. வூட்ட சுத்தமா வெச்சிகினு இருக்கணும். பத்து மாச அட்வான்ஸ்."

அப்பா, கறிவேப்பிலைச் செடி வைக்க இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். "அப்ப வேற எடம் பாருங்க" என்று பதில் வந்திருக்கிறது. "பரீட்சைல பெயிலான பையன் மாதிரி வந்து உக்காந்திருக்கார், சாப்பிடவும் இல்ல" என்று அம்மா போனில் சொன்னாள். முதலில் எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. மறைப்பானேன். அப்புறம் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது, அந்தத் திருப்தி போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ஹவுஸ் ஓனர் என்னைக் கீழே வரச்சொன்னார். "உங்க அப்பா போன் பண்ணார்மா. ரொம்ப மனசு உடைஞ்சு பேசறார்." அப்பாவுக்குத் தெரிந்த ஒரே ஹவுஸ் ஓனர் இவர்தான் என்பதால் இவரிடமே யோசனை கேட்டிருக்கிறார். இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவிடம் வாங்கிய நம்பரில் என் எதிரிலேயே ஸ்பீக்கரில் வடலூர்க்காரரைக் கூப்பிட்டார். தன்னை அப்பாவின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டார்.

"பத்து மாச அட்வான்ஸா? வடலூர்லயா? ரிட்டையர் ஆனவர் சார், எங்கேர்ந்து குடுப்பார்? வாடகைக்கு வர்றவங்களும் மனுஷங்கதானே சார்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் வசனம். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருந்திருக்கிறார். ஒரு ஓனர் எங்கே இறங்குவார், எங்கே இறங்குவதுபோல் நடிப்பார் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. அரைமணி நேரத்தில் அட்வான்ஸ் பாதியானது. காலண்டருக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆணிக்கு அனுமதி கிடைத்தது. கறிவேப்பிலைக்கும் பின்பக்கம் இடம் கிடைத்தது. போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஓனர்ங்களுக்கெல்லாம் மனசே கிடையாதும்மா."

இதைவிட நல்ல நேரம் வராது என்று, "அப்போ என் வாடகை சார்?" என்றேன்.

"அது வேற விஷயம்மா."

"என்ன வேற?" என்று அவர் மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தார். "இவ்ளோ நேரம் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினீங்க? அவங்க அப்பா மனுஷன், இவ மட்டும் மனுஷி இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். ஏற்றியதை இறக்க முடியாது, ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஏற்றமாட்டேன் என்று என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

சொன்னபடியே இருந்தார். மூன்றாம் வருஷம்தான் ஏற்றினார். அதற்குள் என் சம்பளமும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.