பச்சை மூடி போட்ட இரண்டு பாட்டில்கள்

அமராவதி அக்கா கடையில் உப்பு வாங்கி நான் பார்த்ததில்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணின் பையில் உப்புப் பாக்கெட் இருந்தால் தெருவே சிரிக்கும். பாத்தியிலிருந்து வாரிய கல் உப்பை அக்கா தண்ணீரில் கரைத்து, சேறு அடியில் தங்கும்வரை விட்டுவிடுவார். மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி, கூல்டிரிங்ஸ் வந்த பெரிய பாட்டிலில் நிரப்பி வைப்பார். சோறோ குழம்போ பொரியலோ, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஸ்பூன், அளவு எதுவும் கிடையாது. பாட்டிலைச் சாய்ப்பார், நிமிர்த்துவார். சரியாக இருக்கும்.

ருசி பார்க்கவும் மாட்டார். பரிமாறும் முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில் என்பார். இன்னொன்றும் உண்டு. உப்பை அவர் கைக்குக் கை கொடுக்கமாட்டார், வாங்கவும் மாட்டார். கீழே வைத்தால்தான் எடுப்பார். கைமாற்றினால் சண்டை வருமாம்.

கொரோனா வந்த வருஷம், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களை நேராக வீட்டுக்கு விடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அவர்களுக்குச் சமைக்க யாரும் வரவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அமராவதி அக்கா தானாகப் போய், நான் சமைக்கிறேன் என்று சொன்னார். உப்பளத்து வேலையை விட்டுவிட்டா போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அக்கா காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மஸ்கட்டிலிருந்து வரும் விமானத்தில் மோகன் இருந்தான். அக்காவின் மகள் இலக்கியாவுக்கு நிச்சயம் செய்த பையன், கிளியனூர்க்காரன்.

அடுத்த வீட்டுக்காரி என்பதால் காய் நறுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கோயிலுக்குப் போவதைத் தவிர வெளியே அதிகம் போகிறவள் இல்லை. கூடத்தின் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மையத்துக்குப் பொறுப்பு சுகாதார ஆய்வாளர் சுப்ராயன் சார். நல்ல மனிதர். அவர் முதல் நாளே பாக்கெட் உப்புதான் போட வேண்டும், உப்பளத்து உப்பு கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா தலையாட்டினார். பாக்கெட்டைப் பிரித்து, அவர் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தார். சமையலுக்குத் தன் பாட்டிலைத்தான் எடுத்தார். "என் மாப்பிள்ளைக்குப் பாக்கெட் உப்பு போடுறதா, லீமா? நாளைக்கு அவங்க வீட்ல இன்னா பேசுவாங்க?" என்று என் காதில் மட்டும் சொன்னார்.

மோகன் மாடியில் இருந்தான். அக்கா அவனை ஒரு தடவைகூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை. சாப்பாட்டை மையத்தில் எடுபிடி வேலை பார்த்த ராமதாஸ் அண்ணன்தான் பிளாஸ்டிக் கவுன் போட்டுக்கொண்டு மேலே கொண்டுபோவார். இறங்கி வந்ததும் அக்கா கேட்பது ஒரே கேள்வி. தட்டில் மிச்சம் வைத்தாரா? வைக்கவில்லை என்றால் அக்கா முகத்தில் வெளிச்சம் தெரியும்.

கல்யாணம் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில். அது தவறினால் ஆடி வந்துவிடும். ஆடி முடிவதற்குள் எந்த ஊரை அடைப்பார்கள், எந்த ரோட்டைத் திறப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மோகனுக்கு டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. மறுநாள் காலை வெளியே விடுகிறார்கள், அதற்கு மறுநாள் தாலி. அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே போனில் பூக்காரரிடம் பேசினார், பந்தல்காரரிடம் பேசினார், நடுவில் பாட்டிலைச் சாய்த்தார், நிமிர்த்தினார்.

சாப்பாடு மேலே போன கொஞ்ச நேரத்தில் ராமதாஸ் அண்ணன் படியில் ஓடி வந்தார். மோகனுக்கு ருசி தெரியவில்லையாம். வாயில் போட்டால் ஒன்றுமே இல்லையாம். பக்கத்து அறைக்காரரும் அதையே சொல்கிறாராம். அதற்கடுத்த அறையிலும் அப்படித்தானாம்.

ருசி போனால் என்ன அர்த்தம் என்று அப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுப்ராயன் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதலில் சரியாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, உப்பு போட்டியா?"

"போட்டேங்க சார்."

அலமாரியில் பாக்கெட் பிரித்துதான் இருந்தது. அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நீயே சாப்பிட்டுப் பார் என்றார். அக்கா ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி ஊற்றினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்துபோனார்.

"கிட்ட வராதீங்க. எனக்கும் தெரியல."

ராமதாஸ் அண்ணன் வாசலுக்கே போய்விட்டார். சார் போனை எடுத்தார். எல்லோருக்கும் திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டும், முடிவு வரும்வரை ஒருவரையும் விட முடியாது என்று அவர் பேசுவது எங்கள் காதில் விழுந்தது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தனக்கு வந்ததற்காக அல்ல. தன் கையால்தான் மாப்பிள்ளைக்கு நோய் போயிருக்கும் என்று நினைத்து. இலக்கியாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நானும் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு தெரிந்தது. காரம் தெரிந்தது. உப்பு மட்டும் இல்லை.

அடுப்புத் திட்டைப் பார்த்தேன். இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரண்டுக்கும் பச்சை மூடி, இரண்டிலும் கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒன்று உப்புத் தண்ணீர், மற்றொன்று நாங்கள் குடிக்க ஆறவைத்த தண்ணீர். காலையில் இரண்டையும் நிரப்பி வைத்ததிலிருந்து அக்காவும் நானும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஒரு பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. மற்றதில் பாதிதான் இருந்தது.

சார் இன்னும் போனில் இருந்தார். அவர் முன்னால் வாய் திறக்க எனக்கு வரவில்லை. நிறைந்த பாட்டிலை எடுத்தேன். அக்காவின் கையில் கொடுக்கப்போய், ஞாபகம் வந்து, அவர் முன்னால் தரையில் வைத்தேன்.

"இதக் குடிச்சுப் பாருங்கக்கா."

அக்கா என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். மூடியைத் திருகி ஒரு மடக்கு வாயில் விட்டவர் அப்படியே துப்பினார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், இருமல் வேறு. இருமலைக் கேட்டு ராமதாஸ் அண்ணன் வெளிக் கேட் வரைக்கும் ஓடினார்.

"கரிக்குது லீமா," என்றார் அக்கா. "கரிக்குதுடி!"

எழுந்து நேராக சாரிடம் போனார். பாக்கெட் உப்பை ஒரு நாளும் போட்டதே இல்லை என்பதையும், இத்தனை நாளும் உப்பளத்துத் தண்ணீரைத்தான் ஊற்றினேன் என்பதையும், இன்றைக்குக் கல்யாண நினைப்பில் குடிதண்ணீரை ஊற்றிவிட்டேன் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னார். வேலை போனாலும் போகட்டும், பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்றார்.

சார் போனை இறக்கினார். "நான் சொன்னத நீ கேட்டிருந்தா எனக்கு நெஞ்சு வலி வந்திருக்காதும்மா."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் அக்கா வார்த்தையை மட்டும் நம்பி விட முடியாது என்றார். பாக்கெட் உப்பை அவரே சாம்பாரில் போட்டுக் கலக்கச் செய்து, எல்லா அறைக்கும் திரும்ப அனுப்பினார். நாங்கள் முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. முதலில் மோகன்தான் ஜன்னலுக்கு வந்தான்.

"சார், இப்போ உப்பு ஜாஸ்தி!"

பக்கத்து ஜன்னல்களிலிருந்தும் அதே புகார். சாரே சிரித்துவிட்டார். போனை எடுத்து, ஒன்றுமில்லை, சமையலில் கோளாறு என்று சொல்லிவைத்தார்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தார்கள். அக்கா தள்ளி நின்று, ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மோகன் பெட்டியோடு வந்து நின்றான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"அத்த, இதுலயாவது சரியான தண்ணிய ஊத்துனீங்களா?"

அக்கா, தட்டு குலுங்கி ஆரத்தி புடவையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். பிறகு தட்டை என்னிடம் நீட்டி, சுற்றிக் கொட்டிவிட்டு வா என்று சொல்லிவிட்டு, கல்யாணச் சமையலுக்குக் காய் வாங்க ஓடினார். போகிற வழியில் திரும்பி ஒன்று கேட்டார்.

"லீமா, நாளைக்கு நீ ருசி பாத்துச் சொல்றியா?"