ரமேஷ்பாபு இடம் மாற்றிய இரண்டு வரிகள்

என் பெரியம்மா மகள் பொன்மணியைப் பற்றிக் கொச்சி மட்டாஞ்சேரியில் விசாரித்தால், "கார்ப்பரேஷன் தங்கப்பன் மக, கம்ப்யூட்டர்ல வேலை" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் கண்ணை மூடிக்கொண்டு அவள் உழைப்பை விழுங்கியவன் மேல்தான் கோபம். அவன் பெயர் ரமேஷ்பாபு. கலூரில் ஒரு சிறிய கம்பெனியில் எங்கள் குழுவுக்குத் தலைவன். அக்கா அங்கே நிரல் எழுதினாள். அவள் எழுதியதைச் சிப் பதித்த சர்க்யூட் போர்டில் ஏற்றிச் சோதிப்பது வசந்தியாகிய என் வேலை.

மீனும் இறாலும் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்யும் கம்பெனி அது. பெட்டிக்குள் ஒரு சின்ன பிராசசர் இருக்கும். கம்ப்ரசர் நின்றாலோ கதவு திறந்து கிடந்தாலோ, அங்கிருக்கும் சென்சார் அதைத் தட்டிக் கூப்பிடும். செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கவனி என்பதுதான் அந்தத் தட்டல். அதற்கு இன்டரப்ட் என்று பெயர். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டினால் யாரை முதலில் உள்ளே விடுவது என்று பார்ப்பதற்கு சிப்பிலேயே ஒரு பகுதி உண்டு, அது இன்டரப்ட் கன்ட்ரோலர். புது சிப் வந்தால், அதன் கன்ட்ரோலரோடு எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வந்த சிப்புக்கு அதை எழுதியவள் அக்கா.

வயிற்றில் பிள்ளையோடு எழுதினாள். சிப்போடு வந்த கையேட்டில் பாதி தப்பு. எது தப்பு என்று அவளே போர்டைத் தட்டித் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போர்டு உறைந்து நின்றால் "எணீக்கெடா, எழுந்திருடா" என்று அதட்டுவாள். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், தோப்பும்படிப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவாள். ரமேஷ்பாபு அப்போதெல்லாம் சாயா குடித்துக்கொண்டு, "ஆயில்லே? இன்னும் முடியலையா?" என்று எட்டிப் பார்த்ததோடு சரி.

எழுதி முடித்துவிட்டுப் பிரசவத்துக்குப் போனாள். அந்த விடுப்பில்தான் அவன் வேலையைக் காட்டினான்.

கர்னலுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்த மாற்றத்தை, அதாவது பேட்சை, உலகமே படிக்கும் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்ப வேண்டும். எழுதியவர் பெயர் மேலே இருக்கும். அடியில் கையெழுத்துப் போல இன்னொரு முறை பெயர் போட வேண்டும். ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்த வரிகளோடு அந்தப் பெயரும் நிலைத்துவிடும். பிறகு யார் நினைத்தாலும் வரலாற்றை அழித்து எழுத மாட்டார்கள். அக்கா இத்தனை பாடுபட்டது அந்த ஒரு பெயருக்காகத்தான். சம்பளம் எங்கே போனாலும் கிடைக்கும்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருநாள் காலையில் போனில் லிஸ்டைப் பார்த்திருக்கிறாள். அவள் எழுதியது ஏற்கப்பட்டுவிட்டது. மேலேயும் ரமேஷ்பாபு, கீழேயும் ரமேஷ்பாபு.

எனக்குப் போன் செய்தாள். "எடீ, என் பேரு எங்கயும் இல்லடீ" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

கம்பெனியில் கேட்டோம். டீம் வொர்க் என்றார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, டென்ஷன் ஆகக் கூடாது என்று அறிவுரை வேறு. அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் மட்டும் அங்கேயே இருந்தேன். அவன் முகம் கோணுவதை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் முகம் தெளிந்திருந்தது. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். தன் கைவண்ணம் தெரியட்டும் என்று அவன் அங்கங்கே பெயர்களை மாற்றி, சில வரிகளை மேலும் கீழும் நகர்த்தியிருந்தான். அதில் இரண்டு வரிகள் நகர்த்தவே கூடாதவை. ஒரு தட்டலைக் கவனித்து முடித்ததும், அது வந்ததாகப் பதிந்த அடையாளத்தை முதலில் அழிக்க வேண்டும், பிறகுதான் அடுத்த தட்டலுக்கு வாசலைத் திறக்க வேண்டும். அவன் முதலில் திறந்துவிட்டுப் பிறகு அழித்திருந்தான். அந்த இடைவெளியில் புதிதாக ஒரு தட்டல் வந்தால் பழையதோடு சேர்ந்து அதுவும் அழிந்துபோகும். எப்போதோ ஒருமுறைதான் நடக்கும். அவன் மேசையில் நடக்கவில்லை, லிஸ்டில் படித்தவர்கள் கண்ணிலும் படவில்லை.

எங்கள் கம்பெனிப் பெட்டிகளில் அக்கா எழுதிய பழைய நிரலே ஓடியது. அவன் அனுப்பியது கர்னலின் அடுத்த பதிப்பில் வரவேண்டியது. அது இன்னும் சோதனையில் இருந்தது.

"சும்மா இரு அக்கா. வெளிய போகட்டும். ஊரு பூரா அவனைக் காறித் துப்பட்டும்" என்றேன்.

"அந்த சிப்பை வேற ஆளுங்களும் வாங்கறாங்கடீ. எவனோ ஒருத்தன் கிடங்குல மீனு அழுகினா இவனுக்கென்ன? வேற வழி இருக்கு" என்றாள்.

வழி இதுதான். தப்பைத் திருத்தி அனுப்புகிறவர், எந்தப் பேட்சில் வந்த தப்பைத் திருத்துகிறேன் என்று அடியில் ஒரு வரி எழுத வேண்டும். ஃபிக்ஸஸ் வரி என்பார்கள். தப்புச் செய்தவருக்கும் நகல் போகும். அதுவும் வரலாற்றில் நிலைத்துவிடும். தப்பு எல்லோருக்கும் வரும், அதனால் அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. நினைக்கிறவன், இன்னொருத்தி எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவன் மட்டும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் நான் புதுக் கர்னலைப் போர்டில் ஏற்றி, சென்சாரை விடாமல் தட்ட வைத்தேன். அவ்வப்போது ஒரு தட்டல் காணாமல் போனது. வரிகளை அக்கா சொன்ன இடத்தில் வைத்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. பதிப்பு வெளிவரும் முன்பே அவள் பேட்சை அனுப்பினாள். பெயர், பொன்மணி தங்கப்பன். சோதித்தவள், வசந்தி. வரிகளின் வரிசை ஏன் முக்கியம் என்று மரியாதையாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல விளக்கியிருந்தாள். அந்த மரியாதையைப் படித்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே ரமேஷ்பாபு மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டான். கையில் பிள்ளைக்கு உடுப்பு.

"பொன்மணி, திருத்தம் சரிதான். நான் இல்லேன்னு சொல்லல்ல. அந்த ஃபிக்ஸஸ் வரி மாத்திரம் எடுத்துக் கொடு. மேல இருக்கறவங்க கேட்டா நான் என்ன பறைய?"

"லிஸ்ட்ல எழுதிக் கேளுங்க சார். எல்லாரும் வாசிக்கட்டும்."

"திரும்ப வேலைக்கு வா, அடுத்தது உன் பேருல போடறேன்."

"அது என் பேருல போட உங்க தயவு வேண்டாம். உடுப்ப எடுத்துட்டுப் போங்க, பிள்ளைக்கு இருக்கு."

போனான். சாயா வேண்டுமா என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

கர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் லிஸ்டில் அவனையே கேட்டார், இந்தத் திருத்தம் சரிதானா என்று. மறுநாள் அவன் பதில் எழுதியதை என் மேசையிலிருந்து பார்த்தேன். ஒரு வரி எழுத அரை நாள் ஆயிற்று. சரிதான், என் ஒப்புதல் உண்டு என்று தன் பெயரைப் போட்டான். வரிகளை ஏன் மாற்றினாய் என்று அடுத்த கேள்வி வந்தது. அவன் லேப்டாப்பை மூடிவிட்டுச் சாயா குடிக்கப் போனான். இனி இந்தக் கோப்பை யார் கவனித்துக்கொள்வது என்று பொறுப்பாளர் கேட்டார். "நான்" என்று எழுதினாள் அக்கா. அன்றிலிருந்து அதில் யார் என்ன மாற்றினாலும் அவள் கண்ணில் பட்ட பிறகுதான் மேலே போகும்.

சென்ற மாதம் ரமேஷ்பாபுவிடமிருந்து ஒரு பேட்ச் வந்தது. நல்ல பேட்ச். எழுதியவன் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அபிராம், புதிதாகச் சேர்ந்தவன். அவன் எழுதியதைப் போர்டில் ஏற்றிச் சோதித்தவள் நான். நான் அக்காவுக்குச் சொன்னேன்.

அவள் லிஸ்டிலேயே பதில் எழுதினாள். "பேட்ச் நன்றாக இருக்கிறது. இதை எழுதியவர் யார்? அவர் பெயரில் அனுப்புங்கள்."

ரமேஷ்பாபு அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன். மறுநாள் அதே பேட்ச் அபிராமின் பெயரில் வந்தது, அக்கா ஒப்புதல் எழுதினாள். அவளுடைய முதல் பேட்ச் மட்டும் இன்றும் அவன் பெயரில் இருக்கிறது. அதற்காக நாங்கள் அவனை மன்னிக்கவில்லை.